யாரும் பேசாத நாலு செகண்டு

அதைக் கழட்ட வேண்டாம் தம்பி, நீங்க பாட்டுக்குக் கேளுங்க. காதை முழுசா மூடுத மாதிரி இவ்வளவு பெரிசா மாட்டியிருக்கீங்களே, நல்ல சாமானா இருக்கும்னு பாத்தேன். எனக்கும் இதே தொழில்தான். கோவில்பட்டியில பிச்சையா ஆடியோஸ்னு கேட்டா யாரும் சொல்லுவாவ. பிச்சையா நாந்தான்.

என்ன கேட்டுக்கிட்டு வாறீங்க? என்னது? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, இந்த டிரைவர் பஸ்ஸா ஓட்டுதான், ரைஸ்மில்லுல்லா ஓட்டுதான். பாட்டு இல்லையா? பாடுத ஆளே கிடையாதா? வெறும் சத்தந்தானா?

அட. என் மகளும் இதைத்தான் செஞ்சா தம்பி.

மதுரை வரைக்கும் போறீங்களா? நானும் அங்கதான், அவளைப் பாக்கத்தான் போறேன். அப்ப உங்ககிட்டச் சொல்லலாம். எங்க தெருவுல ஒருத்தனுக்கும் இது புரியல. மக ஏன் பேசலன்னு கேக்காவ, சொன்னா சிரிக்காவ. நீங்க கேட்டுட்டு, நான் செஞ்சது தப்பா சரியான்னு சொல்லுங்க.

முதல்ல என் தொழிலைச் சொல்லிருதேன். ஆட்டோவுல குழாயைக் கட்டிக்கிட்டு விளம்பரம் சொல்லிட்டுப் போவாம்லா, தாய்மார்களே பெரியோர்களேன்னு, எங்க பக்கத்துல அந்தக் குரல் என் குரல். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, அம்மன் கோயில் கொடைத் திருவிழா, கட்சிக் கூட்டம், எழவுச் சேதி, எல்லாம் நம்மகிட்டதான் வரும். பதினாறு வயசுல மைக்செட்டுல சேந்தவன். கொடைக்குக் கொடை குழாய்க்கு அடியிலதான் சாப்பாடு, அங்கனயே படுக்கை. பக்கத்துல வெடி போட்டாலும் முழிக்க மாட்டான் பிச்சையான்னு கேலி பண்ணுவாவ. அப்படி வளந்த தொழில்.

என் ரெக்கார்டிங்குல இரைச்சல்னு ஒண்ணு இருக்காது. அடுத்த வீட்டு மிக்சி, தெருவுல போற லாரி, கரண்டு வயர்ல வார உறுமல், எல்லாத்தையும் வழிச்சு எறிஞ்சிருவேன். விளாத்திகுளத்துல இருந்தெல்லாம் தேடி வருவாவ. அண்ணாச்சி, ஒரே இரைச்சலாக் கெடக்கு, சுத்தம் பண்ணித் தாங்கம்பாவ. அதுக்கு ஒரு வழி இருக்கு தம்பி. கம்ப்யூட்டருக்கு எது இரைச்சல்னு முதல்ல நாம காட்டிக் குடுக்கணும். யாரும் பேசாத எடமாப் பாத்து ஒரு நாலு செகண்டை எடுத்து, இந்தா, இதுதான் குப்பை, நல்லாப் பாத்து வெச்சுக்கோன்னு காட்டணும். பெறகு அந்தக் குப்பை எங்கெங்க கெடக்கோ அங்கெல்லாம் அதுவே போய் எடுத்துரும். அந்த நாலு செகண்டை எடுக்கதுலதான் கைத்திறமை. அதுல என்னைய மிஞ்ச ஆள் கிடையாது.

எம் பொண்டாட்டி பேரு சொர்ணம். இருவது வருசம் தீப்பெட்டி ஆபீசுல வேலை. எங்க ஊர்ல தீப்பெட்டிக் கம்பெனியை ஆபீசும்போம். குச்சிக்கு மருந்து முக்குத எடத்துல நின்னா. அந்த மருந்தா, வேற எதுவுமான்னு டாக்டரே உறுதியாச் சொல்லல. நுரையீரல் சுருங்கிப்போச்சு, இனிமே மெஷின் வெச்சுத்தான் மூச்சுன்னுட்டாரு. ஆக்சிஜன் மெஷினு, கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு பெட்டி மாதிரி நிக்கும். குழாய் மூக்குக்கு வரும். நடுவுல ஒரு தண்ணி பாட்டில், காத்து அதுக்குள்ள கொப்புளிச்சுக்கிட்டே போகும். எட்டு மாசம் அப்படிக் கெடந்தா.

ஒரே மக எங்களுக்கு, காந்திமதி, வீட்டுல மதிம்போம். மதுரையில ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கா. அம்மைக்கு இப்படின்னதும் லீவு போட்டுட்டு வந்து எட்டு மாசமும் கூட இருந்தா. பெத்த மகள்னா அவளைச் சொல்லணும். ஆனா ஒரு கிறுக்கு. கையகலத்துல ஒரு ரெக்கார்டரை வாங்கி கட்டில் தலைமாட்டுல வெச்சிருவா. அது பாட்டுக்கு ஓடும். மெஷினு புஸ்புஸ்ங்கதை எடுப்பா. தண்ணி கொப்புளிக்கதை, மழை தகரத்துல விழுததை, அவ அம்மை மூச்சு வாங்குததை, எல்லாம் எடுப்பா.

நான் சொன்னேன், ஏட்டி, அம்மையைப் பேசச் சொல்லி எடு, ரெண்டு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லுன்னேன். அம்மாவுக்குப் பேசுனா இரைக்குதுப்பா, மூச்சு விடுறதே போதும்னா. மூச்சை எவனாவது ரெக்கார்டு பண்ணுவானா? அதைத்தானே தம்பி நாங்க தேடித் தேடி அழிக்கோம். சொர்ணமே சிரிச்சா. உங்கப்பா குரலைத்தான் ஊரெல்லாம் கேக்கு, என் மூச்சை யாருட்டி கேக்கப் போறாங்கன்னு, நிறுத்தி நிறுத்திச் சொன்னா.

அவ போனது ஐப்பசியில. நல்ல மழை. சாயந்தரம் நாலு மணி இருக்கும். மதி மருந்து வாங்கப் போயிருந்தா. நான் கட்டிலுக்குப் பக்கத்துல சேரைப் போட்டு, வெளிச்சத்துக்காக வாசலைப் பாத்து உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். எழுந்து வெளியே போகல தம்பி, இங்கன உங்களுக்கும் எனக்கும் எவ்வளவு தூரம், அவ்வளவுதான். கரண்டு போயிருக்கு. பகல்தானே, லைட்டுப் போடல. குளிருதுன்னு ஃபேனும் போடல. பெறகு எனக்கு எப்படித் தெரியும்? கரண்டு போனா அந்த மெஷினே கீன்னு கத்தும். கத்துனா உடனே சிலிண்டருக்கு மாத்தணும், ரெண்டு நிமிச வேலை. அதுக்குத்தான் நான் அங்க உக்காந்திருக்கேன்.

அன்னைக்கு மெஷினு கத்தல. எந்தக் கோயில்ல வேணாலும் சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுவேன், கத்தல. மதி நனைஞ்சுக்கிட்டு ஓடி வந்தா, குடைய எங்கயோ போட்டுட்டு. தெருமுனையிலயே கேட்டுச்சாம் அவளுக்கு. அதெல்லாம் பதட்டம் தம்பி. பதட்டத்துல மனுசனுக்கு என்னமும் கேக்கும்லா. அவ உள்ள வந்து என் தோளைப் புடிச்சு உலுக்குன பெறகுதான் நான் திரும்பிப் பாத்தேன். சொர்ணம் போயிருந்தா.

பதினாறு கழிஞ்சு மெஷின் கம்பெனிக்காரன் வந்தான், திருப்பி எடுத்துட்டுப் போக. விடுவனா? ஏன் கத்தலன்னு கேட்டேன். அவன் பிளக்கைப் புடுங்கிக் காட்டினான். நல்லாத்தானே கத்துது அண்ணாச்சின்னான். எங்கடா கத்துதுன்னேன். அவன் மதியைப் பாத்தான், மதி என்னைப் பாத்தா. கம்பெனிக்காரன் கம்பெனியை விட்டுக் குடுப்பானா, நீங்களே சொல்லுங்க.

சாத்தூர் வந்தாச்சா? சரி.

அடுத்த மாசம் மதி சம்பந்தமே இல்லாம, அப்பா, காதை ஒரு தரம் டெஸ்ட் பண்ணிருவோம்னா. எனக்கு எதுக்குட்டின்னேன். கேக்கல. ஒரு கண்ணாடி ரூமுல உக்கார வெச்சு, சத்தம் கேட்டா கையைத் தூக்குங்கன்னாவ. தூக்கினேன். நாலஞ்சு தரம் பளிச்சுனு தூக்கினேன். பெறகு ரொம்ப நேரம் அவங்க ஒண்ணுமே போடல. என்னடா, டீ குடிக்கப் போயிட்டாவளான்னு திரும்பிப் பாத்தா, மதி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு அழுதுக்கிட்டிருக்கா. அம்மை நெனப்பு வந்திருக்கும், பாவம். ஏதோ மிஷின் வெச்சுக்கணும்னு எழுதிக் குடுத்தாவ. சவுண்டு சர்வீஸ்காரன் காதுல மிஷினோட போனா எவன் வேலை குடுப்பான்? சீட்டை மடிச்சுப் பைக்குள்ள வெச்சுட்டேன்.

அதுக்கப்புறம் அவ நாலு மாசம் உக்காந்து, அந்த ரெக்கார்டிங்கை எல்லாம் வெச்சு ஒரு ஆல்பம் செஞ்சா. மேல்மூச்சுன்னு பேரு. பேரைப் பாருங்க, துப்புக்கெட்ட பேரு. ஆறு துண்டு, ஒவ்வொண்ணும் பத்து நிமிசம். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. வீட்டுக்குக் கொண்டாந்து என்னையப் பக்கத்துல உக்கார வெச்சுப் போட்டுக் காட்டினா.

அடியில ஒரு உறுமல் இருந்துச்சு. மாவு மில்லுக்கு அடுத்த வீட்டுச் சுவர்ல காதை வெச்ச மாதிரி. அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல. அவ கண்ணை மூடிக்கிட்டு, இப்ப மேல வருது பாருப்பா, மணல் சரியுற மாதிரிங்கா. நான் ம், ம்னு தலையாட்டுதேன். பாட்டில் தண்ணி கொப்புளிச்சதை இழுத்து நீட்டி மணி அடிக்குத மாதிரி ஆக்கியிருக்காளாம். தகரத்து மழையைத் திருப்பிப் போட்டிருக்காளாம், கீழ இருந்து மேல பெய்யுதாம். அம்மை மூச்சை நாப்பது தரம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்காளாம், கடல் மாதிரி வந்து வந்து போகுதாம். எனக்கு ஒரு கடலையும் காணோம். ஆனா அவ மொகத்தைப் பாத்தேன். பொறந்த பிள்ளையைப் பாக்குத மாதிரி அந்த ஸ்பீக்கரைப் பாக்கா. நல்லாருக்கும்மான்னு சொல்லி வெச்சேன்.

கடைசித் துண்டு மட்டும் வேற. அதை மறைக்காமச் சொல்லணும். தூரத்துல மில்லு சங்கு ஊதுத மாதிரி ஒரு சத்தம், கனமா, அடிவயித்துல போய் உக்காருது. ஊதும், நிக்கும். ஊதும், நிக்கும். எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துட்டு. ஏட்டி, இது என்னட்டி, இது நல்லாருக்கேன்னேன்.

அது மெஷின்பான்னா. கரண்டு போனா கத்தும்ல, அதுதான். அன்னைக்கு ரெக்கார்டர் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. உனக்குக் கேக்குற அளவுக்குச் சுருதியைக் கீழ இறக்கியிருக்கேன்னா.

அவ்வளவுதான் சொன்னா. எந்திரிச்சுப் போய்ச் சாப்பிட்ட தட்டைக் கழுவினா. நான் உக்காந்து யோசிச்சேன். வேற ஏதாவது நாள் கத்துனதை எடுத்துப் போட்டிருப்பா. இந்த மாதிரி வேலை செய்யுதவங்க அப்படிச் செய்வாவ, எனக்குத் தெரியாதா.

இப்பத்தான் விசயத்துக்கு வாறேன். வெளிநாட்டுல ஒரு சின்னக் கம்பெனிக்காரன் இந்த ஆல்பத்தைக் கேட்டுட்டு, நாங்க வெளியிடுதோம், பதினஞ்சு நாள்ல அனுப்புங்கன்னுட்டான். அவ ஹாஸ்டல் நெட்டு நடக்க மாட்டாம நடக்கும். நம்ம கடை நெட்டு குதிரை. ஒரு டிஸ்க்கைக் கொண்டாந்து என் கையில குடுத்தா. அவ லேப்டாப்பு அந்த மாசந்தான் எரிஞ்சு போயிருந்துச்சு, எல்லாமே அந்த டிஸ்க்குலதான். அப்பா, அந்த ஆறையும் அப்படியே அனுப்பு, தொறந்துகூடப் பாக்காதேன்னு ரெண்டு தரம் சொல்லிட்டுப் பஸ் ஏறுனா.

தொறக்காம இருக்க முடியுமா? பெத்த அப்பன், அதுலயும் இதே தொழில். தொறந்தேன். திரையில பாத்தா தம்பி, ஒரே கச்சடா. காதுல கேக்க வேண்டாம், எங்களுக்குக் கண்ணுலயே தெரியும், இரைச்சல் எவ்வளவு கெடக்குன்னு படமா வந்துரும். கோட்டுக்கு மேலயும் கீழயும் புழுதி மாதிரி. எனக்கு மானம் போயிட்டு. வெளிநாட்டுக்காரன் கேட்டா என்ன நெனைப்பான்? பிச்சையா மக பாட்டுல இரைச்சலா? என் பிள்ளைக்கு நான் வேற என்ன குடுத்தேன், நிலமா நீச்சா? இந்த ஒரு வேலைதானே எனக்குத் தெரியும். அவ அம்மைக்கும் நான் கடைசியா ஒண்ணும் செய்யல. இதையாவது செய்வோம்னு கடையைச் சாத்திட்டு மூணு நாள் உக்காந்தேன்.

டிஸ்க்குல அம்மான்னு ஒரு ஃபோல்டர். அறுவது ரெக்கார்டிங்கு. மூலத்துல இருந்தே சுத்தம் பண்ணுவோம்னு அங்க ஆரம்பிச்சேன். யாரும் பேசாத எடமாத் தேடுனேன். மூணாவது ரெக்கார்டிங்குல பன்னெண்டாவது செகண்டுல அருமையா ஒரு எடம் அகப்பட்டுச்சு. மெஷினையும் அணைச்சிருக்கு, சிலிண்டர்ல இருந்திருப்பா போல. மழை இல்ல, பேச்சு இல்ல. சத்தத்தை முழுசா வெச்சுக் கேட்டேன், ஒண்ணுமே இல்ல. நாலு செகண்டு. இந்தா, இதுதான் குப்பைன்னு காட்டினேன். அறுவது ரெக்கார்டிங்கையும் வழிச்சுட்டு, ஆல்பத்துலயும் முதல் அஞ்சு துண்டை வழிச்சேன். கடைசித் துண்டைத் தொடல, அது சுத்தமா இருந்துச்சு. எல்லாத்தையும் அதே பேர்ல, பழசுக்கு மேலயே சேவ் பண்ணிட்டேன். ஜவுளிக்கடைக்காரன் பத்துத் தரம் மாத்தச் சொல்லுவான், பழசை வெச்சா எது புதுசுன்னு குழம்பிரும். தொழில் பழக்கம்.

பெறகு போட்டுக் கேட்டேன். முன்னுக்கும் பின்னுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல தம்பி. அவ்வளவு பதமா எடுத்திருக்கேன்னு எனக்கே ஒரு பெருமை. அனுப்பிட்டு, சொர்ணம் படத்துக்கு ஒரு முழம் பூ வாங்கிப் போட்டேன்.

பத்து நாள் கழிச்சு மதி போன் பண்ணுனா. அந்த வெளிநாட்டுக்காரன் எழுதியிருக்கானாம், முதல் அஞ்சுல ஏறக்குறைய ஒண்ணுமே இல்லையே, கடைசி ஒண்ணுதானே கேக்குது, இதுதான் உங்க எண்ணமான்னு. அவ டிஸ்க்கையும் வாங்கிட்டுப் போயிக் கேட்டிருக்கா. சத்தம் போடல அவ. சத்தம் போட்டிருந்தா தாங்கியிருப்பேன். மெதுவாத்தான் கேட்டா, நான் போனை ஸ்பீக்கர்ல போட்டுக் காதுல அமுக்கிப் புடிச்சுக் கேட்டேன். அப்பா, எந்த எடத்தை இரைச்சல்னு காட்டினன்னா.

நான் பெருமையாச் சொன்னேன். மூணாவதும்மா, பன்னெண்டாவது செகண்டு. யாருமே இல்ல, நல்ல எடம்.

அது அம்மாப்பா. தூங்குறா.

வெச்சுட்டா. ஆறு மாசம் ஆச்சு. நான் போன் போட்டா எடுக்கதில்ல. யாரும் பேசாத எடத்துல சொர்ணம் தூங்கிக்கிட்டு இருந்திருக்கா தம்பி. மூச்சு விட்டுக்கிட்டு இருந்திருக்கா. அதைத்தான் குப்பைன்னு காட்டியிருக்கேன். அந்தச் சனியனும் சொன்னபடி போய், அறுவதுலயும் அவ மூச்சை எங்கெங்க கண்டுச்சோ அங்கெல்லாம் தொடைச்சுப் போட்டிருக்கு. நாப்பது மூச்சுக் கடல், எல்லாம் போச்சு. எட்டு மாசமும் போச்சு. இதுல என் தப்பு என்னன்னு ரொம்ப நாள் எனக்கு வெளங்கல. யாரும் அப்படித்தானே எடுத்திருப்பான்? பேசுனாத்தானே ஆள்?

இருங்க, முடிக்கல. போன வாரம் என் கம்ப்யூட்டர்ல பழசைத் தோண்டிக்கிட்டிருந்தேன். நான் இரைச்சல் எடுத்த எடத்தை எல்லாம் தனியா வெட்டிச் சேத்து வைப்பேன், மறுபடியும் அதே எடத்து ரெக்கார்டிங்கு வந்தா உதவும்னு. குப்பைன்னே ஒரு ஃபோல்டர். மண்டப இரைச்சல், மிக்சி இரைச்சல்னு பேர் போட்டிருப்பேன். அதுல ஒண்ணு கெடந்துச்சு. வீட்டு இரைச்சல்னு. அந்த நாலு செகண்டு.

வர்ற செவ்வாய்க்கிழமை சொர்ணத்துக்கு வருசத் திதி. அதுக்குக் கூப்பிடத்தான் போறேன், இதையும் குடுக்கத்தான் போறேன். இந்தா, போன்லயே ஏத்தி வெச்சிருக்கேன். உங்க சாமானை இதுல மாட்டுங்க. ஒண்ணுமில்லாததைக் கொண்டுபோய் அவ கையில மறுபடியும் குடுத்துட்டேன்னா பெறகு இந்த ஜென்மத்துல கதவு தொறக்காது. அதனாலதான் கேக்கேன். இந்த பஸ் சத்தத்துல உங்களுக்குக் கேக்குமான்னு தெரியல. என்னது? எஞ்சினை ஆஃப் பண்ணிட்டானா? எப்ப? திருமங்கலமா, டீக்கா. சரி சரி. அப்ப வசதியாப் போச்சு. கேளுங்க.

ஏன் கழட்டுதீங்க? இன்னொரு தரமா? கேளுங்க, அதுக்கென்ன.

இருக்கா தம்பி? ரெண்டு விரலைக் காட்டுதீங்களே. ரெண்டு தரம் இழுக்காளா. விடுதது? ஒண்ணா? ரெண்டாவது இழுத்ததை விடல. விட்டிருப்பா, நான்தான் அங்கன வெட்டிட்டேன்.

கண்ணைத் தொடைங்க, ஒண்ணுமில்ல. இங்க குடுங்க, நானும் ஒரு தரம் கேக்கேன். சத்தத்தை முழுசா வையுங்க. இன்னும். ம். போட்டாச்சா? முடிஞ்சிட்டா? திரும்ப ஒரு தரம் போடுங்க.

சரி, போதும்.

நான் அவகிட்ட மன்னிப்புக் கேக்கப் போகல தம்பி. மன்னிக்கக் கூடிய காரியமா இது? அந்த மெஷினைக் கீழ இறக்குன மாதிரி, இதையும் எனக்குக் கேக்குற அளவுக்கு இறக்கித் தாம்மான்னு கேக்கப் போறேன். அந்த வேலை எனக்கும் தெரியும். மூணு நாளா இறக்கி இறக்கிப் பாத்தேன். ஆனா எவ்வளவு இறக்கணும்னு தெரிய, முதல்ல அது காதுல விழணும்லா. மெஷினு அன்னைக்குக் கத்தித்தான் இருக்கும். நான் பேப்பர் படிச்சிருக்கேன்.

வண்டி எடுத்துட்டானா? ரிங் ரோடு வந்தா எனக்குத் தெரியும், பாத்துக்கிடுதேன். இல்ல, நீங்க முன்னாடி எறங்குனா என்னையக் கொஞ்சம் தொட்டுச் சொல்லிட்டு எறங்குங்க. அந்தா கண்டக்டர் நம்மளைப் பாத்துக் கையை ஆட்டுதாரு. என்ன சொல்லுதாரு தம்பி?